கழுதையேர்

சட்டியை வைக்கிறாளா, எறிகிறாளா? ணங்கென்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது இரும்பு. ஒரு முழம் தள்ளி வைத்தால் கை தேய்ந்துவிடுமா அவளுக்கு? வைக்கமாட்டாள். காலையிலிருந்து இது எத்தனையாவது சட்டியோ, சட்டிக்கு ஒரு ணங். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் அவளுக்கு ஜெயம். குத்தவைத்தபடியே கொத்துக்கரண்டியால் சுரண்டிய மண்ணைக் கையால் கூட்டி அள்ளிச் சட்டியில் போடுகிறேன், அவள் தலைக்கு ஏற்றிக்கொண்டுபோய் மேலே சல்லடையில் கொட்டுகிறாள், திரும்ப வருகிறாள், திரும்ப ணங். பதினோரு வருசமாக முகம் பார்த்துப் பேசாத ரெண்டு பேரை ஒரே குழிக்குள் இறக்கிவிட்டு, ஒருத்தி அள்ளு, ஒருத்தி சும என்றால் அது யார் செய்த வேலை? மேடம் செய்த வேலை. பாவம், அவர்களுக்குத் தெரியாது. பழைய ஊரைத் தோண்டிப் பார்க்கிற வேலைக்குப் பேர் எழுதின அன்றைக்கு நான் இருளாயி என்றேன், பின்னால் நின்றவள் சோலைமணி என்றாள். ஒரே வீட்டு விலாசமா இருக்கே, சொந்தமா என்று கேட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி அவள். “ஓரகத்திங்களா! அப்ப ஒத்துமையா வேலை பார்ப்பீங்க” என்று சிரித்தார்கள் ஜெசிந்தா மேடம். சல்லடைக்கார மாயழகு அப்போது இருமினான் ஒரு இருமல், அதிலேயே எங்கள் ஊர்க் கதை முழுக்க இருந்தது. மேடத்துக்கு அது வெறும் இருமலாகத்தான் கேட்டிருக்கும்.

பேசாமல் வேலை நடக்குமா? நடக்கும். சட்டி இருக்கிறதே. “ஏ சட்டி, கொஞ்சம் தெக்காலே நகருறியா, என் கால்ல ஏறி உக்காராதே” என்பேன் நான். “சட்டிக்குக் கண்ணு தெரியும். சில மனுசருக்குத்தான் தெரியாது” என்பாள் அவள், அதுவும் சட்டியைப் பார்த்துத்தான். மேலேயிருந்து மாயழகு, “சட்டி, நீ குடுத்து வச்சவ, ஒன்னையத்தான் ரெண்டு பேரும் கூப்பிடுறாக. என் பெண்டாட்டி என்னைய இப்படிக் கூப்பிட்டதில்ல” என்பான். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். அவளுக்கும் வரும், அவளும் அடக்கிக்கொள்வாள். அவள் அடக்குவது எனக்குத் தெரியும். இருபது வருசம் ஒரே முற்றத்தில் உரல் குத்தினவள், அவள் மூச்சு எங்கே இடறும் என்று எனக்குத் தெரியாதா? குனிந்து சட்டியைப் பிடிக்கும்போது மட்டும் நான் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்வேன். இடது கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கி, மினுமினுவென்று, காய்ச்சின பாலில் ஆடை மடிந்த மாதிரி. அதைப் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பார்க்கவில்லை என்றாலும் அந்தக் கைதான் சட்டியின் இந்தப் பக்கத்துக் காதைப் பிடிக்கிறது. வலது பக்கத்தைப் பிடித்து இழுத்தால் என்ன? இல்லை, அந்தக் கையைத்தான் நீட்டுவாள், என் கண்ணுக்கு நேராக, வேண்டுமென்று.

வெயில் இன்னும் குழிக்குள் இறங்கவில்லை. மண் குளிர்ச்சியாக இருக்கிறது. கீழே போகப் போக மண்ணுக்கு ஒரு வாடை, பழைய அடுப்பில் தண்ணீர் தெளித்த மாதிரி. எங்கள் மாமனார் இந்த நிலத்தைச் சாம்பக்காடு என்றுதான் சொல்வார், ஊரே அப்படித்தான் சொல்லும். ஏன் அந்தப் பேர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இதில் என்ன வேண்டுமானாலும் போடு, கொள்ளு மட்டும் விதைக்காதே என்பார். அதையும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது ஒன்றரை ஆள் ஆழத்துக்கு வெட்டின பிறகு தெரிகிறது, அடியில் ஒரு ஊரே வெந்து கிடக்கிறது. சின்ன ஊர் இல்லை, பட்டணம் என்கிறார்கள் மேடம். செங்கல் சுவர் அப்படியே சாய்ந்து கிடக்கிறது, எல்லாச் சுவரும் ஒரே பக்கமாக. மண் செக்கச் செவேலென்று சுட்ட ஓடு மாதிரி இருக்கிறது, அதன் மேல் கரி, கரிக்கு மேல் ஒரு சாண் சாம்பல். போன வாரம் சுவருக்குள் இரும்பு ஒன்று குத்தி நின்றது, அம்பு நுனியாம். இன்னொன்று தரையில் கிடந்தது. ரெண்டு அம்பு போதாது என்கிறார்கள். “வேட்டைக்குப் போறவன் வீட்லயும் அம்பு இருக்கும்ல, இருளாயிம்மா? தீ எப்படி வந்துச்சுங்கிறதுதான் கேள்வி. அடுப்புலேருந்து கூரைக்குத் தாவினதா, இல்ல யாரும் வந்து வச்சாங்களா?” இதை என்னிடமா கேட்பது? உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், தீ எப்படி வந்தது என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். எனக்குப் பின்னால் சட்டி நின்றுபோனது அப்போது. எனக்கென்னங்க மேடம் தெரியும் என்றேன். ணங்.

குழியில் கிடைத்த அந்தப் பானையை நான்தான் எடுத்தேன். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம். மூன்று கல் கூட்டின அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பானை ஒன்று சாய்ந்து, வாய்க்கு மூடி போட்டபடி, ஒரு கல்லில் முட்டுக் கொடுத்தபடி. உள்ளே கரிக்கட்டியாக அரிசி. விழுந்து சாய்ந்த பானையாக இருக்கும் என்றார்கள் மேடம், படம் எடுத்தார்கள். விழுந்ததா? சோறு வடிக்கிறவளுக்குத் தெரியாதா பானை விழுந்தது எது, சாய்த்து வைத்தது எது என்று? கஞ்சி இறங்கட்டும் என்று சாய்த்து வைத்தவள் அப்படியே எழுந்து ஓடியிருக்கிறாள். பாதி வடிகையில் ஓடிவிட்டாள் அவள், அந்தக் காலத்துக்காரி. பாதியில். நான் சொல்லவில்லை. வடிக்கிற பானையைப் பற்றி வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? கஞ்சி வடிகிற சத்தம் ஒன்று இருக்கிறது, முதலில் கொட்டும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும், சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் நேரம் நீண்டுகொண்டே போகும். கடைசிச் சொட்டு எப்போது என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. போதும். சுரண்டு. கையைப் பார், வேலையைப் பார்.

நேற்றுச் சாயந்தரம் சாம்பலின் மேற்பரப்பைக் கூட்டிவிட்டபோது கோடு தெரிந்தது. சாம்பல் வெள்ளை, கோடு பழுப்பு. ரெண்டு கோடு, நாலு கோடு, குழிக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்னக் குழி, என் உள்ளங்கைக்குள் அடங்குகிற குழி. மேடம் குதித்தே விட்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி நட்டு, நூல் கட்டி, படம் எழுதி, “பந்தல்கால் குழி, இருளாயிம்மா! தீப்பிடிச்சதுக்கப்புறம் ஜனங்க திரும்பி வந்து, சாம்பலுக்கு மேலயே கால் நட்டுக் கூரை போட்டிருக்காங்க. அப்ப சண்டையில அழிஞ்ச ஊர் இல்ல இது. அழிச்சவன் திரும்பி வந்து குடியிருக்க விடுவானா?” என்றார்கள். நாளைக்கு மதுரையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம், அவர்களுக்கும் இதைத்தான் சொல்லப்போகிறார்களாம். அடுப்புத் தீ, தற்செயல், ஜனம் திரும்பி வந்தது. நான் ராத்திரி படுத்தவள்தான், கண் மூடினால் அந்தக் குழிகள் வரிசையாக நடந்துபோகின்றன. பந்தல்கால் நடக்குமா? இது நடக்கிறது. இடது, வலது, இடது, வலது. முன்பக்கம் ஆழம், பின்பக்கம் மேலாக. இழுக்கிற மிருகம் முன்னால் அழுத்தித்தானே மிதிக்கும். மாடாக இருந்தால் குளம்பு பிளந்து ரெண்டாக விழும். இது பிளக்கவில்லை. ஒற்றைக் குளம்பு, கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அமுக்கின மாதிரி. குதிரைக்கு இது சின்னது. தீ அணைந்து மழை பெய்து, ஈரச் சாம்பலில் ஏர் கட்டி உழுதிருக்கிறார்கள், கழுதையை வைத்து. எங்கள் அப்பன் சூளைக்குக் கழுதையில் செங்கல் சுமந்தவர். கழுதை போன ஈரமண்ணில் காலை வைத்து வைத்து விளையாடினவள் நான். உலகத்தில் எந்தத் தடத்தை மறந்தாலும் அதை மறப்பேனா?

அதைத்தானே அவளும் சொன்னாள் அன்றைக்கு. எங்கள் ரெண்டு பங்குக்கும் நடுவில் இருந்த வரப்பை ரெண்டு சால் அரித்து உழுதுவிட்டு, என் கொழுந்தன் ஒன்றும் தெரியாத மாதிரி பீடி பற்றவைத்தபோது, வரப்பில் நின்று நான் கேட்டேன். நியாயம்தான் கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இவள்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “கழுதைக்காரன் மகளுக்கு நெலத்தைப் பத்தி என்னக்கா தெரியும்? ஏர் புடிச்ச வம்சமா ஒங்க வம்சம்?” அக்கா என்று சொல்லிச் சொன்னாள். அந்த அக்காதான் எரிந்தது எனக்கு. கழுதைக்காரன் மகளா? கழுதைக்காரன் மகள் என்ன செய்வாள் தெரியுமா? குனிந்தேன், ரெண்டு கையாலும் மண்ணை வாரினேன், அவள் தலைக்கு மேலே தூற்றினேன். இந்த ஊரில் அந்தச் சாபத்தை விடமாட்டார்கள். கொலைக்குப் போனாலும் போவார்கள், அதை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னவள் பொங்கப்பானை தூக்கக் கூடாது, அவள் கையில் விபூதிகூட வாங்கமாட்டார்கள். நான் விட்டேன். ஒன் வீட்டுல கழுதையேர் பூட்ட. ஒன் கூடத்துல கொள்ளு விதைக்க. ஒன் அடுப்புல எருக்கு முளைக்க. மூன்றா? நாலு இல்லையா அது? எப்போது சொல்லிப் பார்த்தாலும் மூன்றாவதோடு நின்றுபோகிறது, முள்ளில் சேலை மாட்டின மாதிரி. இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை. நாலாவது இருந்தது. வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது, சொல் இல்லை. இருக்கட்டும், மூன்றே போதாதா? அன்றைக்கு அந்த வரப்பில் அவளும் நானும் கொழுந்தனும் மட்டும்தான். ஊருக்குக் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அவள் கூரை எரிந்தது. நான் வைக்கவில்லை. அய்யனார் அறிய நான் வைக்கவில்லை. உச்சிப்பொழுது, அடுப்பிலிருந்து தாவிய தீ. ஆனால் ஊர்க்கூட்டத்தில் நின்று அவள் சொன்னாள், கைக்கட்டோடு நின்று சொன்னாள், இவ விட்ட சாபம் என்று. சொன்னியா இருளாயி என்று கேட்டார்கள். சொல்லவில்லை என்றேன். சத்தியம் பண்ணச் சொல்லிச் சூடத்தை ஏற்றினார்கள். அடித்து அணைத்தேன். உள்ளங்கையில் மிளகளவுக்கு ஒரு கொப்புளம், ரெண்டு நாளில் போய்விட்டது. கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எனக்குக் கேட்கவில்லை என்றுவிட்டார், கட்டின பெண்டாட்டிக்காகக்கூட வாயைத் திறக்காத மனுசன். அபாண்டம் சொன்னதற்கு அவள் என் காலில் விழ வேண்டும் என்று தீர்ப்பு. விழுந்தாள். கட்டுப்போட்ட கையை ஊன்ற முடியாமல் ஒருக்களித்து விழுந்தாள், ஊரே பார்க்க. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அதுதான், சந்தேகம் வந்திருக்கும் என்றுதான். தீயை முதலில் பார்த்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான்தான் பார்த்தேன். சோறு வடித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கினேன், அவள் கூரைக்கு மேல் ஒரு பிரி புகை. கஞ்சி கொட்டியது, நூலானது, சொட்டியது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். கத்தினேனே, நான்தானே கத்தினேன்! ஒரு சொட்டு நேரம் தாமதம். ரெண்டு சொட்டு. உள்ளே அவள் மகள் காய்ச்சலில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இத்தனை வருசமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். வாய்க்காலில் இருந்தவள் ஓடிவந்து, உள்ளே பாய்ந்து, பிள்ளையை எடுத்தாள், கையைக் கொடுத்துவிட்டு எடுத்தாள். அந்தப் பெண் இப்போது திருப்பூரில் நல்லபடி இருக்கிறது. நல்லபடிதான் இருக்கிறது. பிறகென்ன?

மேடம் ஏணியில் இறங்குகிறார்கள். கையில் அட்டையும் பேனாவும். “படம் வரைஞ்சு முடிச்சாச்சு. இருளாயிம்மா, நூலையும் குச்சியையும் எடுத்துட்டு இந்தத் தளத்தைச் சுரண்டி எடுத்திருங்க. மத்தியானத்துக்குள்ள கீழ உள்ள தரை தெரியணும்.” சுரண்டினால் போய்விடும். இந்த வேலையில் அதுதான் வினை, கீழே இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை அழிக்க வேண்டும், அழித்தது அழித்ததுதான், திரும்ப வைக்க முடியாது. நல்லது, அழியட்டும். குச்சியைப் பிடுங்குகிறேன். ஒன்று. இன்னொன்று. பந்தல்கால் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன நட்டம்? செத்தவர்கள் வந்து கேட்கப்போகிறார்களா? கொத்துக்கரண்டியை முதல் தடத்தின் விளிம்பில் வைக்கிறேன். சாம்பல் மெத்தென்று இருக்கிறது. எவனோ ஒருவன் ஊரை எரித்து, ஆறின பிறகு கழுதையைக் கட்டி, இனி இங்கே மனுசன் குடியிருக்கக் கூடாது என்று கொள்ளு விதையைத் தூவிவிட்டுப் போயிருக்கிறான். எரிந்தவர்களுக்கு மிச்சம் இருப்பது இந்தத் தடம் ஒன்றுதான். இதையும் சுரண்டிவிட்டால் அவர்கள் தங்கள் அடுப்புத் தீயில் தாங்களே வெந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அபாண்டம் சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள். காலில் விழ வேண்டும். பின்னால் ணங் கேட்கவில்லை. சட்டி அந்தரத்தில் நிற்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தடத்தைப் பார்க்கிறாளா, என் கையைப் பார்க்கிறாளா, திரும்பினால்தான் தெரியும், திரும்பமாட்டேன். கரண்டி இறங்கவில்லை. இறங்கு என்கிறேன். இறங்கவில்லை.

“மேடம், இது பந்தல்கால் இல்லைங்க.”

என் வாய்தான். “அப்புறம் என்ன?” என்கிறார்கள் மேடம். கழுதைக் குளம்பு என்கிறேன். எங்கள் அப்பன் கழுதைக்காரர் என்கிறேன், எல்லோருக்கும் கேட்க, மேலே மாயழகுக்கும் கேட்க. பிளவு இல்லாததைக் காட்டுகிறேன், முன்னால் அழுத்தினதைக் காட்டுகிறேன், நடுவில் போகிற பழுப்பு ஏர்ச்சால் என்று விரலால் இழுத்துக் காட்டுகிறேன். மேடம் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்கள். “தோத்த ஊரைக் கழுதை கட்டி உழுறது... பழைய பாட்டுல இருக்கும்மா. மண்ணுல இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டு படிச்சிருக்கீங்களா?” நான் எங்கே படித்தேன், ரெண்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் ஒரு சாபம் இருக்கிறது மேடம் என்கிறேன். “யார் சொல்லுவாங்க? நீங்க கேட்டிருக்கீங்களா?” குழிக்குள் காற்றே இல்லை. கேட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, யாரோ ஒரு கிழவி சொன்னாள், செத்துப்போனாள். உள்ளங்கை அரிக்கிறது, கொப்புளம் போன இடம்.

“நான் சொல்லியிருக்கேன். ஒருக்கா.”

மேலே சல்லடை ஆடுகிற சத்தம் நின்றது. மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்களுக்குச் சாபம்தான் வேண்டும், ஒரு சொல் மாறாமச் சொல்லுங்கம்மா என்று பேனாவைத் திறக்கிறார்கள். சொல்கிறேன். ஒன் வீட்டுல கழுதையேர் பூட்ட. எழுதுகிறார்கள். ஒன் கூடத்துல கொள்ளு விதைக்க. எழுதுகிறார்கள். ஒன் அடுப்புல எருக்கு முளைக்க. அவ்வளவுதானா என்கிறார்கள். அவ்வளவுதான் என்கிறேன்.

“ஒண்ண விட்டுட்ட.”

சட்டியிடம் இல்லை. என்னிடம். பதினோரு வருசம் கழித்து என் பிடரியில் வந்து விழுந்த முதல் சொல். திரும்புகிறேன். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், கண் அசையவில்லை. “எழுதிக்கங்க மேடம். மொதல்ல சொன்னது அதுதான். அதுக்கப்புறந்தான் கழுதையேரு. ‘நீ சோறு வடிக்கையில ஒன் கூரையில தீ விழ.’ அப்படித்தான் ஆரம்பிக்கும். எனக்கு ஒரு சொல்லு மாறல.”

மேடம் எழுதிக்கொண்டே வந்தவர்கள் வடிக்கையில என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். அடுப்பு இருந்த மூலையைப் பார்க்கிறார்கள், பானை சாய்ந்திருந்த இடத்தை. “சாய்ச்சு வச்சிருந்தது... சமைக்கிற நேரத்துல வந்திருக்காங்க” என்று தனக்குத் தானே முணுமுணுக்கிறார்கள், அட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார்கள், படத்தை எடுத்து வரேன், யாரும் எதையும் தொடாதீங்க, அந்த வடக்கு மூலைச் சரிவை மட்டும் அள்ளுங்க. போய்விட்டார்கள். நாங்கள் ரெண்டு பேரும்தான். முள்ளிலிருந்து சேலை பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது எனக்கு, கிழிந்து வந்தது. நாலாவது இல்லை, அது முதலாவது. அதனால்தான் எத்தனை தரம் கடைசியிலிருந்து தேடியும் கிடைக்கவில்லை. சோலைமணி, நான் தீ வைக்கல என்கிறேன்.

“தெரியும். ஒன் கையில புடிதுணி இருந்துச்சு.”

“என்னது?”

“நான் கை வெந்து வாசல்ல கெடக்கேன். நீ ஓடியாந்து குனியுற. ஒன் கையில பானை புடிக்கிற துணி. அதுல கஞ்சி. ஈரமா இல்ல. காஞ்சு, வெள்ள வெள்ளையா, பொருக்குத் தட்டி இருந்துச்சு.” கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக் காட்டுகிறாள், உதிர்கிற மாதிரி. “கஞ்சி காய எவ்வளவு நேரம் ஆகும்னு ஒனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊருக்குச் சொல்லல. சொன்னா அதுக்கும் நீ சூடம் அடிச்சிருப்ப.”

ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு என்று இத்தனை வருசம் எண்ணினேனே, அது பொருக்குத் தட்டுகிற நேரமா? அவ்வளவு நேரமா நின்றேன்? நின்றிருக்கிறேன். புகையைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன பானையைப் பிடித்துக்கொண்டு. வாய் திறக்கிறது, தெரியாதுடி, பிள்ளை உள்ள இருந்தது தெரியாதுடி என்று வரப்போகிறது, வரவில்லை. அவள் சட்டியைக் கீழே வைக்கிறாள். சத்தமே இல்லாமல் வைக்கிறாள். அந்தக் கையால்தான். நான் பார்க்கிறேன்.

“அள்ளு” என்கிறாள்.

வடக்கு மூலையில் சரிந்த மண்ணை, அன்றைக்கு வரப்பில் வாரின அதே ரெண்டு கையாலும் வாருகிறேன். போடுகிறேன். வாருகிறேன். சட்டி நிறைந்து, கூம்பாகி, விளிம்பில் வழிகிறது. அவள் சும்மாட்டைச் சுற்றவில்லை, குனியவில்லை. நிறைஞ்சிருச்சு என்கிறேன்.

“இன்னும் போடு” என்கிறாள்.